பிள்ளை வரும் வீட்டின் காசுக் கணக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு வீட்டில் பிள்ளை வரப்போகிறது என்று தெரிந்த கிழமையே ஆலோசனைகளும் வரத் தொடங்கிவிடும். மாமி ஒன்று சொல்வார், பக்கத்து வளவு அக்கா இன்னொன்று சொல்வார், வெளிநாட்டில் இருக்கும் தம்பி போனில் வேறொன்று சொல்வார். எல்லாம் அக்கறையில் சொல்பவைதான். ஆனால் வயலையும் கூலியையும் கடலையும் குளத்தையும் நம்பி ஓடும் வன்னி வீட்டில் ஒரு பிழையான கணக்கு அடுத்த இரண்டு வருடத்தைத் தின்றுவிடும். நாம் பயப்படுவது ஆஸ்பத்திரிச் செலவுக்கு. காசு கரைவதோ ஓட்டோவிலும், இழந்த சம்பளத்திலும், கொண்டாட்டக் கடனிலும். ஊரில் அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளை இங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: "மூண்டு மாசம் முடியும்வரை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது."

உண்மை: ஊருக்குச் சொல்லாமல் இருக்கலாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லாமல் இருந்தால் நட்டம் உங்களுக்குத்தான். அவரிடம் பதிந்த பிறகே எல்லாம் தொடங்கும்: கிளினிக் புத்தகம், இரத்தப் பரிசோதனை, போலிக் அமிலம், இரும்புச்சத்து, கல்சியக் குளிசைகள், திரிபோஷா. இவை எல்லாம் இலவசம். எட்டு வாரத்துக்குள் பதிவதே நல்லது.

திரிபோஷா 1973இல் தொடங்கிய திட்டம். சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த மா. 750 கிராம் பைக்கற் மாதம் இரண்டு என்றால், தாய்க்கு ஒரு நாளைக்கு 50 கிராம் என்று கணக்கு. வீட்டில் நடப்பது வேறு. சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்தால் மூத்த பிள்ளைகளும் மாமாவும் சேர்ந்து இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். பிள்ளைத்தாச்சியின் பங்கைத் தனிப் போத்தலில் போட்டு வையுங்கள். 2022 நெருக்கடியில் மூலப்பொருள் இல்லாமல் திரிபோஷா உற்பத்தி தடைப்பட்டது. அப்படியான காலத்தில் பயறு, கௌபி, முட்டை, முருங்கை இலை, குளத்து மீன் என்று கைக்கெட்டிய தூரத்தில் இருப்பதைப் பாருங்கள்.

கர்ப்பிணித் தாய்மாருக்கான போசணைக் கொடுப்பனவும் இந்தப் பதிவோடுதான் வருகிறது. 2015இல் மாதம் 2,000 ரூபா வீதம் பத்து மாதத்துக்கு 20,000 ரூபா என்று தொடங்கியது. பிறகு தொகை கூட்டப்பட்டது. இப்போதைய தொகையையும் கொடுக்கும் முறையையும் பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போகிறவர்கள் கிளினிக் புத்தகத்தோடு போய் அங்குள்ள குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் பெயர் விடுபட்டு, பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பதும் தவறிப்போகும்.

நம்பிக்கை 2: "பிள்ளை பிறக்க முதல் சாமான் வாங்கக் கூடாது."

உண்மை: மனம் ஒப்பாவிட்டால் வாங்க வேண்டாம். காசை ஒதுக்கி வைக்க எந்தச் சாத்திரமும் தடை சொல்லவில்லை. இந்த நம்பிக்கையால் ஒரு நன்மையும் உண்டு, தேவையில்லாத தொட்டிலும் தள்ளுவண்டியும் வீட்டுக்கு வராது. பிழைப்பது எங்கே என்றால், வலி வந்த பிறகு ஆஸ்பத்திரி வாசல் கடையில் கேட்ட விலைக்கு எல்லாவற்றையும் வாங்கும்போது. கிளினிக்கில் தரும் பட்டியலை எடுத்து, எது வீட்டில் இருக்கிறது, எதை அக்கா வீட்டில் வாங்கலாம், எது புதிதாக வேண்டும் என்று மூன்றாகப் பிரியுங்கள். மெத்தென்ற பழைய பருத்திச் சேலையை வெந்நீரில் அவித்துக் காயவைத்தால் பத்துப் பன்னிரண்டு அணைதுணி வரும். பம்பஸ் பயணத்துக்கும் இரவுக்கும் போதும்.

நம்பிக்கை 3: "அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்லை, ஒண்டும் சேர்க்கத் தேவையில்லை." அல்லது, "பிரைவேட்டிலதான் நல்லாப் பாப்பினம்."

உண்மை: இரண்டும் அரைகுறை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் ஸ்கானும் பிரசவமும் சத்திரசிகிச்சையும் இலவசம். கிளிநொச்சியில் நெதர்லாந்தின் உதவியோடு கட்டிய பெண்கள் நலச் சிறப்பு மையம் 2024 மே மாதம் திறக்கப்பட்டது. மாலையில் தனியார் இடத்தில் நீங்கள் சனல் பண்ணிப் பார்க்கும் நிபுணர், பெரும்பாலும் காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வார்ட் பார்த்தவர்தான். லட்சக்கணக்கில் கடன்பட்டு யாழ்ப்பாணம் போகுமுன் எதற்காகப் போகிறோம் என்று ஒரு தரம் கேளுங்கள்.

ஆனால் இலவசம் என்பது வாசலுக்கு உள்ளேதான். துணுக்காயிலோ கொக்கிளாயிலோ இருக்கிறவருக்கு ஒவ்வொரு கிளினிக் நாளும் ஓட்டோக் காசு, அவருடைய ஒரு நாள் கூலி, கூடப் போகிறவருடைய ஒரு நாள் கூலி, மத்தியானச் சாப்பாடு. இந்த நான்கையும் கூட்டி, மிச்சமிருக்கும் கிளினிக் நாட்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். மகப்பேற்றுச் செலவின் பெரும்பகுதி அந்தத் தொகைதான். அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2018இல் இருந்து வடக்கிலும் இலவசமாக ஓடுகிறது. ஆனாலும் மழைக்காலத்தில் குளம் வான்பாய்ந்து பாதை மூடும் கிராமம் என்றால், தேதிக்கு ஒரு கிழமை முன்னதாகவே பட்டினத்துக்குக் கிட்ட உள்ள உறவுக்காரர் வீட்டில் போய் இருங்கள். அதற்கான செலவையும் கணக்கில் சேருங்கள்.

நம்பிக்கை 4: "வேலையை விட்டா இ.பி.எப் காசு வரும், அதில பிள்ளையைப் பாக்கலாம்."

உண்மை: ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான். ஊழியர் சேமலாப நிதி, உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி தரும் 12 வீதமும் சேர்ந்த முதுமைக் காசு. திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண் அதை எடுக்க வழியுண்டு. ஆனால் பிரசவத்துக்கு முன்பே விலகினால் சம்பளத்துடனான மகப்பேற்று விடுமுறையையும் வேலையையும் சேர்த்தே இழக்கிறீர்கள்.

தொழிற்சாலைப் பெண்களுக்கு 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 12 வாரம் தருகிறது. அதற்கு முந்திய ஒரு வருடத்தில் 150 நாளாவது அங்கே வேலை செய்திருக்க வேண்டும். கடை, அலுவலகங்களில் வேலை செய்கிறவர்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 84 நாள், அதில் வாராந்த விடுமுறையும் போயாவும் சேராது. முன்பு மூன்றாம் பிள்ளைக்கு இது பாதியாகக் குறையும். 2018 திருத்தத்தோடு அந்த வேறுபாடு போய்விட்டது. கர்ப்பம் என்பதற்காக வேலையால் நிற்பாட்டினால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

வயல் கூலிக்கும் கருவாடு போடவும் போகிறவர்களுக்கு இந்தச் சட்டங்களில் இடமில்லை. அவர்கள் குறைந்தது மூன்று மாதக் கூலியைத் தாங்களே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சீட்டுப் பிடிக்கிறவர்கள் எடுக்கும் முறையைப் பிரசவ மாதத்துக்குக் கேட்டு வாங்குவது ஒரு வழி.

நம்பிக்கை 5: "வெள்ளாமை வெட்டினா காசு வரும், அதுக்குள்ள பாப்பம்."

உண்மை: பிள்ளை போகம் பார்த்துப் பிறப்பதில்லை. காலபோக விதைப்பு ஐப்பசி, கார்த்திகையில். உழவுக்கும் பசளைக்கும் காசு வெளியே போகும் காலம் அது. அறுவடை மாசி, பங்குனியில். மார்கழியில் பிள்ளை பிறக்கும் வீட்டில் கையில் காசே இருக்காது, மழையால் கூலி வேலையும் இருக்காது. பங்குனியில் பிறந்தாலும் அறுவடைக் காசு முழுதாக வீட்டுக்கு வராது. வெட்டுமெசின்காரரும் உழவுகாரரும் பசளைக் கடைக்காரரும் களத்திலேயே நிற்பார்கள்.

ஆகவே பிறக்கும் தேதி தெரிந்தவுடன் கலண்டரில் அதற்கு முன் வரும் அறுவடையைப் பாருங்கள். மார்கழிப் பிள்ளைக்கு ஆவணி, புரட்டாதிச் சிறுபோகக் காசில் இருந்தே ஒதுக்க வேண்டும். சிறுபோகம் இல்லாத மானாவாரிக் காணி என்றால், பங்குனியில் விற்கும் நெல்லில் சில மூட்டைகளை விற்காமல் வைத்திருக்கலாம். வீட்டுச் சோற்றுக்கும் உதவும், இடையில் விலை ஏறினால் காசாகவும் மாறும்.

நம்பிக்கை 6: "மா டின் வாங்கி வைக்காட்டி பிள்ளை மெலியும்."

உண்மை: முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். 2016இல் நாடு முழுதும் நடந்த குடித்தொகை சுகாதார மதிப்பீட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானவர்கள் தாய்ப்பாலை மட்டுமே குடிப்பதாகத் தெரிந்தது. அநேகமான தாய்மாரால் இது முடிகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. மா டின்னைத் தொடங்கிவிட்டால் அதை நிறுத்துவதுதான் கஷ்டம். மா கொடுக்கக் கொடுக்கத் தாய்க்குச் சுரக்கும் பால் குறையும், மாதாமாதம் டின் வாங்க வேண்டிவரும். அந்தக் காசில் தாய்க்கு மீனும் முட்டையும் வாங்குங்கள். சரக்குக் கறி, சுறா வறை என்று நம் பத்தியச் சாப்பாடு இதற்கு நல்ல துணை. பால் காணாது என்று தோன்றினால் கடைக்குப் போகுமுன் குடும்பநல உத்தியோகத்தரிடம் போங்கள்.

நம்பிக்கை 7: "கிழமைக் கடனில முப்பத்தொண்டைச் செய்வம், வட்டி ரெண்டு வீதம்தானே."

உண்மை: இந்த ரெண்டு வீதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 60,000 ரூபா எடுக்கிறீர்கள். மாதம் 2 வீதம் என்றால் வருடத்துக்கு 24 வீதம், வட்டி 14,400. மொத்தம் 74,400, அதை 52 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு 1,430 ரூபாவுக்குச் சற்று மேலே. 26ஆவது கிழமையில் முதலில் பாதியைக் கட்டி முடித்திருப்பீர்கள். ஆனாலும் வட்டி முழு 60,000க்கும்தான் போய்க்கொண்டிருக்கும். கையில் உண்மையில் இருந்த காசுக்குக் கணக்குப் பார்த்தால் வருட வட்டி ஏறத்தாழ 44 வீதம். காப்புறுதி, படிவக் கட்டணம் என்று முதலே கழித்தால் இன்னும் கூடும்.

வன்னிக்கு இது புதுக் கதையல்ல. 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் போஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி சில இடங்களில் 220 வீதம் வரை போவதாகச் சொன்னார். அதே வருடம் வறட்சியால் பாதித்த மாவட்டங்களில் பெண்கள் கட்ட முடியாமல் நின்ற, ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அந்த நிலைக்கு வரும்வரை எத்தனை வீடுகள் கிழமைக்கொரு தரம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தன என்பதை ஊரே அறியும்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிய ஐயரும் ஒரு பொங்கலும் வீட்டுச் சனமும் போதும். கூடாரமும் வீடியோவும் பிள்ளைக்குத் தெரியப்போவதில்லை. கடன் தவிர்க்க முடியாது என்றால் முதலில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்திலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் கேளுங்கள். எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "வட்டி மிச்ச நிலுவைக்கா, எடுத்த முழுத் தொகைக்கா?"

நம்பிக்கை 8: "நகை இருக்கு, என்ன பயம்?"

உண்மை: நகை நல்ல கையிருப்புத்தான். ஆனால் கையிருப்பு எப்படிக் கையை விட்டுப் போகும் என்பதை வன்னிச் சனத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. போர்க்காலத்து வங்கியான தமிழீழ வைப்பகத்தில் அடகு வைத்தவையும், 2009இல் இடம்பெயர்ந்தபோது விட்டு வந்தவையும் எத்தனையோ பேருக்குத் திரும்பவில்லை. போரின் முடிவில் மீட்ட நகைகளில் ஒரு தொகுதியை இராணுவம் பொலிஸாரிடம் கொடுத்தது 2025 மே மாதத்தில்தான்.

இன்றைய ஆபத்து வேறு விதம். தங்கம் விலை ஏற ஏற, அடகு வைத்த அதே நகைக்கு மேலதிகக் காசு தருகிறோம் என்பார்கள். எடுத்தால் வட்டியும் சேர்ந்து வளரும், தவணை தப்பினால் ஏலம். அடகு வைப்பதென்றால் பிரசவத்துக்குத் தேவையான அளவுக்கு மட்டும், மீட்கும் போகத்தை முடிவு செய்த பிறகு வையுங்கள். முப்பத்தொன்றுக்கு வரும் காப்பும் பஞ்சாயுதமும் முழு வருமானம் அல்ல. கொண்டுவந்தவர் வீட்டுப் பிள்ளைக்கு நாளைக்கு அதே நிறையில் நீங்களும் கொண்டுபோக வேண்டும்.

நம்பிக்கை 9: "பிள்ளையின்ர பேரில கணக்குத் திறந்தா சேமிப்பு சரி."

உண்மை: ஹப்பன், ரண் கெகுளு போன்ற சிறுவர் கணக்குகள் நல்லவை. பொதுவாகப் பிள்ளைக்கு 18 வயதாகும்வரை அந்தக் காசில் கை வைக்க முடியாது. அன்பளிப்புக் காசை அதில் போடுங்கள். காய்ச்சலுக்கும் ஓட்டோவுக்குமான காசைத் தாயின் பெயரில் உள்ள கணக்கில் வையுங்கள். எதற்கும் முன் பிறப்புப் பதிவு வேண்டும். 42 நாளுக்குள் பதிவதே முறை. மூன்று மாதம் தாண்டினால் அலைச்சல் கூடும். அஸ்வெசும பெறும் குடும்பம் என்றால் புதுப் பிள்ளையின் விவரத்தைத் தரவில் சேர்க்க வேண்டுமா என்று பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று

இவ்வளவு கணக்கும் பெரும்பாலும் தாயின் தலையில்தான் விழுகிறது. புத்தகத்தைக் காவுவதும் அவர், கொடுப்பனவுக்கு வரிசையில் நிற்பதும் அவர், கிழமைக் கடன் கூட்டத்துக்குப் போவதும் அவர். தகப்பன்மாரே, அடுத்த கிளினிக்குக் கூடப் போங்கள். அன்று இரவே இருவரும் இருந்து ஒரு கொப்பியில் மூன்று விடயம் எழுதுங்கள்: பிள்ளை பிறக்கும் மாதத்தில் காசு எங்கிருந்து வரும், தாயின் உழைப்பு இல்லாமல் வீடு எத்தனை கிழமை ஓடும், இப்போது கட்டும் கடனில் எதை அதற்கு முன் முடிக்கலாம். மூன்றில் எந்த ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் முப்பத்தொன்றின் பட்டியலை எடுத்துச் சுருக்கத் தொடங்குங்கள்.