தொட்டுத் தொட்டுப் பேசும் விருந்தாளி வந்தால்...

1. "மாமாவுக்கு ஒரு முத்தா கொடு" என்று குழந்தையைப் பிடித்து முன்னால் தள்ளாதீர்கள். வணக்கம் வைத்தாலும் டாட்டா காட்டினாலும் அதுவும் மரியாதைதான்.

2. கன்னத்தைக் கிள்ளும் பெரியவருக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். "பெரியப்பா, கிள்ளினா அவளுக்குப் பிடிக்காது, விட்டுடுங்க" என்று சிரித்த முகத்தோடு, எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளட்டும்.

3. கிச்சுகிச்சு மூட்டும்போது குழந்தை சிரித்துக்கொண்டே "போதும்பா" என்னும். சிரிப்பைப் பார்க்காதீர்கள்; பிடிக்காவிட்டாலும் உடம்பு தானாகச் சிரித்துவிடும். 'போதும்' என்றதும் கையை எடுத்துவிடுங்கள்.

4. உடல் உறுப்புகளின் பெயரைக் குளிப்பாட்டும்போதே சொல்லிக்கொடுக்கலாம். வீட்டுக்கு மட்டும் புரிகிற செல்லப்பெயர் வேண்டாம். நாளை குழந்தை டீச்சரிடம் ஏதாவது சொன்னால் அவருக்கும் விளங்க வேண்டும். ஆண் பிள்ளைக்கும் இதே பாடம்தான். அவனை நாம் மறந்துவிடுகிறோம்.

5. 'கெட்ட தொடுதல்' வலிக்கும் என்று மட்டும் சொல்லிவைத்தால் போதாது. சாக்லேட் கொடுத்து, கொஞ்சிக்கொண்டே தொடுகிறவரும் உண்டு. அதனால், "யார்கிட்டயும் சொல்லாதேன்னு யாராவது சொன்னா, அதை அம்மாகிட்ட முதல்ல சொல்லணும்" என்று பழக்குங்கள். 'தெரியாத ஆளிடம் போகாதே' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்குகளில் பெரும்பாலும் குற்றம் சாட்டப்படுகிறவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்.

6. வயதுக்கு வந்த பெண்ணின் தோளில் கை போட்டு செல்ஃபி எடுக்க நெருங்கும் உறவினரா? நடுவில் போய் நீங்கள் நின்றுகொள்ளுங்கள்.

7. குழந்தை ஏதாவது சொன்னால் பதறாமல் முழுக்கக் கேளுங்கள். "நீ ஏன் அங்கே போனே?" என்ற கேள்வி வாயில் வரவே கூடாது. சம்பவத்தின்போது போட்டிருந்த துணியைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடலாம், காசு கிடையாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிரம்பாத ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். துணிக்கு மேலே பாலியல் நோக்கத்தோடு தொட்டாலும் குற்றம்தான் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்டேஷனுக்கு அலைய வேண்டுமே என்று தயங்காதீர்கள். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். வாங்கும் போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது.