வலக்கையில் கட்டு, எழுதுவது நான்

மலேசியாவில் ரிங்லட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன் நான். ஊருக்குக் கடிதம் எழுதித் தருவதும் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டது. அன்று நீல ஏரோகிராம். இன்று தாளில் எழுதிப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கையில் போன் இருந்தும் எழுதித் தர என்னைக் கூப்பிடுகிறார்கள்; பேசினால் அழுதுவிடுவோம் என்ற பயம்.

அண்மையில் தானா ராத்தா மருத்துவமனையில் ஒரு ராமநாதபுரத்துத் தம்பி. இருவர் பிடித்துக் கொழுந்து வெட்டும் மெஷினோடு சரிவில் வழுக்கியதில் வலக்கையில் ஆழமான வெட்டு. "அம்மாவுக்குக் காய்ச்சல்னு மட்டும் போடுங்கண்ணே" என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதே லயத்தில் அவன் ஊர்ப் பையன் இருக்கிறான். சேதி இந்நேரம் ஊரைச் சுற்றியிருக்கும். காய்ச்சல் என்று எழுதினால், கையே போய்விட்டது, மறைக்கிறார்கள் என்றுதான் அந்த அம்மா நினைப்பார். எந்தக் கை, விரல்கள் அசைகின்றனவா, சோறு யார் ஊட்டுகிறார்கள் என்பதை 'நலம், நலமறிய அவா' முடிந்த கையோடு எழுதிவிட வேண்டும்.

அடுத்து, எழுதித் தருகிற நாம் நம் தமிழை அடக்க வேண்டும். "செவலை கன்னு போட்டுச்சான்னு கேளுங்க" என்றான். அதை விட்டுவிட்டு 'கலங்காதீர் தாயே' என்று அளந்தால், இது மகன் சொன்னதில்லை என்று அங்கே தெரிந்துவிடும். வாசித்துக் காட்டியபோது, "கவலைப்படாதேன்னு ரெண்டு தடவை வருது, ஒண்ணை எடுத்துடுங்கண்ணே" என்றான். ஒன்றை அடித்துவிட்டேன். இடக்கையால் கோணலாகப் பெயர் போட்டான்.

அடிபட்டவருக்காக இன்னொருவர் எழுதுவது புதிதல்ல. முதல் உலகப் போரில் பிரான்சில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்கள் 1914 டிசம்பரிலிருந்து இங்கிலாந்தின் பிரைட்டன் அரண்மனையில் சிகிச்சை பெற்றார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அடுத்தவர்தான் எழுதினார். தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தார்கள். அதனால் இந்தியப் படையைக் கருமிளகு என்றும் வெள்ளைக்காரரைச் சிவப்பு மிளகாய் என்றும் மறைத்து எழுதியவர்கள் உண்டு. நமக்கு அந்தத் தணிக்கை இல்லை. ஆனால் மனைவிக்குப் போகும் கடிதம் மாமியார் முன்னால்தான் வாசிக்கப்படும். அவளுக்கு மட்டும் சொல்ல வேண்டியதைத் தனித்தாளில் எழுதி, அவள் போனுக்கே அனுப்புங்கள்.

வீட்டார் கேட்கக் கூச்சப்படுவது பணத்தைப் பற்றி. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் மலேசியச் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலை விபத்துக் காப்பு உண்டு. விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவிடம் சொல்லியாக வேண்டும். சொல்லியாயிற்றா என்று முதலில் ஆபீசில் கேளுங்கள். மருத்துவ விடுப்பு குறைந்தது 4 நாளாவது இருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். கைக்கு வரும்வரை இதை நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள். இந்த மாதம் பாதிதான் அனுப்ப முடியும் என்றால் பாதி என்றே எழுதுங்கள். வட்டிக்காரரிடம் தவணை கேட்கப் போகிறவர்களுக்கு அந்தத் தொகை தெரிந்தாக வேண்டும்.