எரிபொருள் ஆவியாகும் இடம்



எஞ்சினுள் எரிவது திரவப் பெற்றோல் அன்று. காற்றோடு கலந்த அதன் ஆவியே. அவ்வாவி உரிய இடத்தில் உண்டாகாவிடின் வண்டி ஓடாது. இதற்கு இரு சான்றுகள் காண்போம்.

1990இல் போர் மீண்டும் மூண்டபின், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரிதாயிற்று. மக்கள் ஒஸ்டின், மொறிஸ் முதலிய பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். நோயாளரைச் சுமந்தவையும் அவ்வண்டிகளே. மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்க ஏறத்தாழ 150 பாகை செல்சியசு வெப்பநிலை வேண்டும். ஆதலால் குளிர்ந்த எஞ்சின் இயங்க மறுக்கும். பம்பி பழுதன்று, எரிபொருள் வந்துள்ளது, ஆவியாகவில்லை. எனவே காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கினர். சூடேறியதும் அது மண்ணெண்ணெயை ஏற்றது.

வளைகுடாக் கோடையில் நிகழ்வது இதன் மறுதலை. பெற்றோலின் இலேசான பகுதி 40 பாகையளவிலேயே ஆவியாகத் தொடங்கும். காபரேற்றர் வண்டியில் குழாய் சூடேறின், பெற்றோல் வழியிலேயே ஆவியாகிவிடும். பம்பி அமுக்கும்போது ஆவி சுருங்குமேயன்றி முன்செல்லாது. எரிபொருள் அமுக்கம் வீழ்ந்து வண்டி நிற்கும். ஆறியபின் ஓடினால் பெரும்பாலும் ஆவித்தடையே காரணம். ஆறியும் ஓடாவிடின் வடிகட்டியையும் பம்பியையும் சோதிக்க வேண்டும். இக்காலக் கார்களில் பம்பி தாங்கியினுள் இருந்து உயர் அமுக்கத்தில் தள்ளுவதால் இத்தொல்லை அரிது.

இரண்டிலும் குறி ஒன்றே, காரணமோ நேர்மாறு. ஆகவே உறுப்பை மாற்றுமுன் காரணத்தை வினவுக.

பயிற்சி: அமுக்கம் உயர்ந்தால் ஆவியாதல் ஏன் தாமதிக்கிறது? அடுக்களையிலுள்ள பிறஷர் குக்கரைக் கொண்டு விளக்குக.