சாப்பாடு கொடுத்தாச்சு... படுக்க இடம்?

பசித்தவருக்குச் சோறு போடுவது நமக்குப் புதுசு இல்லை. வடலூரில் வள்ளலார் 1867-ல் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் இன்றைக்கும் அடுப்பு அணையவில்லை. பிறந்தநாள், நினைவுநாள் வந்தால் சாலையோரம் இருப்பவர்களுக்குப் பொட்டலம் கொடுப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சரி, சாப்பிட்டு முடித்ததும் அவர் எங்கே படுப்பார்? அதற்கும் ஏற்பாடு இருக்கு. பலருக்கு அது தெரியாது என்பதுதான் சிக்கல். வாங்க, தெரிஞ்சுக்கலாம்.

காப்பகம் என்றால் என்ன?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது ஆண்டு முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் உத்தரவிட்டது. 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல்கள், ஓர் ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் என்று அளவும் சொல்லின.

சென்னையில் மாநகராட்சியின் காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆண்கள், பெண்கள், குழந்தைகள், முதியோர், மனநலம் பாதிக்கப்பட்டோர் எனத் தனித்தனியாக உண்டு. அரசு மருத்துவமனைக்கு நோயாளியோடு வந்து, தங்க இடமில்லாமல் தவிக்கும் உறவினர்களுக்கும் காப்பகங்கள் இருக்கின்றன.

காப்பகம் வெறும் பாய், தலையணை மட்டும் இல்லை. முகவரி இல்லாதவருக்கு ஆதார், ரேஷன் அட்டை, முதியோர் உதவித்தொகை எல்லாமே எட்டாத உயரம். இவற்றைப் பெற உதவுவதும் காப்பகத்தின் வேலைதான்.

யாருக்கு போன் பண்ணணும்?

• சென்னை மாநகராட்சி: 1913
• முதியோர்: 14567 (காலை 8 முதல் இரவு 8 வரை)
• குழந்தைகள்: 1098
• பெண்கள்: 181
• அவசர உதவி, காவல்துறை: 112
• காயம், மயக்கம்: 108

சென்னை பெருநகரக் காவல்துறையும் 2021 முதல் 'காவல் கரங்கள்' என்ற பெயரில் ஆதரவற்றோரை மீட்டுக் காப்பகங்களில் சேர்த்து வருகிறது. மற்ற ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் கேட்கலாம்.

முதலில் அவரிடம் கேளுங்க

"ஐயா, தங்க இடம் இருக்கு, வர்றீங்களா?" என்று கேட்ட பிறகே போனை எடுங்க. சிலர் வர மறுப்பார்கள். அதற்குக் காரணம் இருக்கும். விடியற்காலையில் மூட்டை தூக்குபவருக்கும் பூ கட்டி விற்பவருக்கும் பிழைப்பு அதே தெருவில்தான். கணவன், மனைவி, பிள்ளைகளைப் பிரித்துத் தங்க வைத்தால் எந்தக் குடும்பம் வரும்? கட்டாயப்படுத்தாதீங்க. எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வாங்க.

அவர் சம்மதித்தால் இடத்தின் அடையாளம், தோராயமான வயது, உடல்நிலை ஆகியவற்றைச் சொல்லுங்க. லொகேஷன் அனுப்பலாம். ஆனால் அவர் முகத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப், ஃபேஸ்புக்கில் போட வேண்டாம். தெருவில் படுத்திருந்தாலும் அவருக்கும் மானம் உண்டு.

மனநலம் பாதிக்கப்பட்டவராக இருந்தால்?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 100-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் சுற்றித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. அவர் வீடற்றவர் என்றால், காணாமல் போனவர் வழக்காகப் பதிந்து குடும்பத்தையும் தேட வேண்டும். எங்கோ ஒரு வீட்டில் அவரை இன்னும் தேடிக்கொண்டு இருக்கலாம். அதனால் "பைத்தியம்" என்று ஒதுங்கிப் போகாமல் 112-க்குச் சொல்லுங்க.

உணவு கொடுப்பவர்கள் கவனத்துக்கு

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, லாப நோக்கம் இல்லாமல் உணவு வழங்குவதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தொடர்ந்து அன்னதானம் செய்யும் குழுக்கள் ஃபாஸ்கோஸ் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளணும். சமைத்த உணவைச் சூடு ஆறுவதற்குள் கொடுத்துவிடுங்க. கெட்டுப்போன சாப்பாட்டால் வயிற்றுப்போக்கு வந்தால், கழிப்பறையே இல்லாதவர் என்ன செய்வார்?

காப்பகத்துக்கு உதவ நினைப்பவர்கள் முதலில் போன் பண்ணி, என்ன தேவை என்று கேளுங்க. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பத்துப் பேர் சாப்பாடு கொண்டு வந்தால் பாதி வீணாகும். அன்றைக்கு அங்கே தேவைப்படுவது போர்வையாகவோ, சோப்பாகவோ, நாப்கினாகவோ இருக்கலாம். மேலே உள்ள எண்களை இப்போதே போனில் சேமித்து வையுங்க.