ஒரே மனை, ஐந்து கடன்

அன்புள்ள தம்பி,

“உள்ளாட்சிகள் வாங்கும் கடனுக்குச் சட்டமே வரம்பு கட்டிவிட்டால் தொல்லை தீர்ந்ததுதானே ஐயா?” என்று எழுதியிருந்தாய். அந்தத் ‘தானே’ நான்கு நாளாக என்னை உறுத்துகிறது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைப் பார். ரயில் வரும் என்று நம்பி ஊர்கள் கடன்பத்திரம் எழுதிக் கொடுத்தன. பல ஊர்களுக்குத் தண்டவாளம் வரவேயில்லை. வட்டி மட்டும் தவறாமல் வந்தது. சூடுபட்டவர்கள் 1870 அரசியலமைப்பில் கறாராக எழுதினார்கள்: மாவட்டமோ நகரமோ பள்ளி வாரியமோ, எந்த வகையிலும் எந்த நோக்கத்துக்கும், தன் எல்லைக்குள் உள்ள வரிக்குரிய சொத்து மதிப்பில் 5 விழுக்காட்டுக்கு மேல் கடன்படக் கூடாது. முதன்முறை படித்தபோது ஓட்டையே இல்லை என்று நானும் மெச்சினேன். மறுநாள் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது: வரம்பு மண்ணுக்கு இல்லை, அமைப்புக்கு.

சிகாகோவின் சாக்கடை மிச்சிகன் ஏரியில், அதாவது ஊர் குடிக்கும் நீரில், கலந்துகொண்டிருந்தது. அதைச் சுமந்துவந்த ஆற்றைத் திருப்பக் கால்வாய் வெட்ட வேண்டும். நகரத்துக்கோ கடன் வாங்க இடமில்லை. 1889இல் கழிவுநீருக்கென்று தனி வாரியம் பிறந்தது. அதே தெரு, அதே வீடு, அதே வரி கட்டும் குடும்பம். ஆனால் புதிதாக இன்னொரு 5 விழுக்காடு! செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றமும் 1890இல் சொல்லிவிட்டது. 1900இல் ஆறு திசைமாறி ஓடியது. கால்வாயை நான் குறை சொல்லமாட்டேன், அது உயிர் காத்தது. ஆனால் வழி தெரிந்துவிட்டது. பூங்காவுக்கொரு வாரியம், நூலகத்துக்கொரு வாரியம், தீயணைப்புக்கொரு வாரியம். இன்று அங்கே ஏறக்குறைய 7,000 உள்ளாட்சி அமைப்புகள். அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. இதற்கு முதல் காரணம் அந்த 5 விழுக்காடுதான் என்பேன். 1970இல் புது அரசியலமைப்பு எழுதியவர்கள் அதைக் கைவிட்டார்கள்.

வரம்பைச் சுற்றிப்போக இன்னொரு வழியும் உண்டு: தண்ணீர்க் கட்டணத்தை மட்டும் நம்பி வாங்குவது வரம்புக்குள் வரும் கடனே அல்ல என்று வாஷிங்டன் மாநில நீதிமன்றம் 1895இல் ஸ்போகேன் நகர வழக்கில் தீர்ப்பளித்தது. அது வேறொரு வாசல்; தனியே எழுதுகிறேன்.

வரம்பே வேண்டாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. ‘வரம்பு உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டம் போட்டு, நகராட்சிக் கடனை மட்டும் கூட்டிப் பார்த்து, ‘சட்டம் பலித்தது’ என்று முடிக்கும் ஆய்வைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நீயும் அப்படி எழுதிக்கொண்டு வராதே. சிகாகோவில் ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள். அதன் சொத்துவரிச் சீட்டில் எத்தனை அமைப்புகளின் பெயர் இருக்கிறது என்று எண்ணு. ஒவ்வொன்றின் கடனிலும் அந்த வீட்டின் பங்கைக் கூட்டு. அந்தத் தொகையோடு அடுத்த கடிதம் எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்