பள்ளிப் பருவமும் பாலிகாகும் பருவமும்

எல்லாப் புகழும் அல்லாஹு தஆலாவுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

ஆண்டுதோறும் ஜூன் மாதம் பிறந்து விட்டால் நம் வீடுகளில் புதுச் சீருடை, புத்தகம், பஸ் பாஸ் என்ற பேச்சே பெரும் பேச்சாக இருக்கிறது. ஊர் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடித்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்காக வெளியூர் பள்ளிக்குப் புறப்படுகிறது. பாடத்துக்கு ஓர் ஆசிரியர், கூடுதலான வீட்டுப் பாடம், அறிமுகமில்லாத தோழர்கள் என்று எல்லாமே புதிது. இந்த மாற்றத்தில் பிள்ளை தடுமாறுவது இயல்பே. அதற்குக் கைகொடுக்க வேண்டியது பெற்றோரின் பொறுப்பு.

ஆனால் இதே சமயத்தில் இன்னொரு பெரிய மாற்றமும் பிள்ளையிடம் நிகழ்கிறது. அதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அதுதான் பாலிகாகுதல்.

கடமை தொடங்கும் ஆண்டு

ஆண் பிள்ளைக்கு ஸ்கலிதம், பெண் பிள்ளைக்கு மாதவிடாய் முதலிய அடையாளங்கள் தோன்றினால் அன்று முதல் அவர்கள் பாலிகானவர்கள். அடையாளம் எதுவும் தோன்றாவிட்டாலும் பதினைந்து வயது பூர்த்தியானால் பாலிகாகி விடுவதாக ஷாபிஈ மத்ஹபும், ஹனபி மத்ஹபின் ஃபத்வாவும் கூறுகின்றன. இது பிறைக் கணக்கு. ஆங்கிலக் கணக்கில் ஏறத்தாழ பதினான்கரை வயது. அதாவது, பிள்ளை ஒன்பதாவது அல்லது பத்தாவது வகுப்பில் இருக்கும் காலம்.

அது வரை பெற்றோர் பழக்கப்படுத்திய தொழுகை இப்போது பிள்ளையின் மீதே ஃபர்ளாகி விடுகிறது. விட்டால் களாச் செய்தாக வேண்டும். நோன்பும் அப்படியே. குளிப்பு கடமையாவது எப்போது, அதன் ஃபர்ளுகள் யாவை, மாதவிடாய்க் காலத்தில் விடுபட்ட நோன்புகளைக் களாச் செய்ய வேண்டும், தொழுகைகளை வேண்டியதில்லை என்பன போன்ற சட்டங்கள் இப்போதுதான் தேவைப்படுகின்றன.

பரிதாபம் என்னவென்றால், சரியாக இந்த ஆண்டில்தான் நாம் பிள்ளையை மக்தபிலிருந்து நிறுத்துகிறோம்! “இனி படிப்பு அதிகம், ஓத நேரமில்லை” என்கிறோம். சட்டம் தேவைப்படாத வயதில் பாடம் நடந்தது. தேவைப்படும் வயதில் பாடம் நின்று விட்டது. குளிப்பின் சட்டத்தை வாப்பா சொல்லக் கூச்சப்படுகிறார். உஸ்தாதிடம் செல்லும் வழக்கமோ நின்று போய் விட்டது. பிறகு அந்தப் பிள்ளை யாரிடம்தான் கேட்கும்?

ஆகவே நாம் சொல்வது இதுதான்: உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு மக்தபை நிறுத்தாதீர்கள், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். தினமும் ஒரு மணி நேரம் முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு நாள் அரைமணி நேரம் போதும். ஆண் பிள்ளைகளுக்கு இமாமும், பெண் பிள்ளைகளுக்கு ஓதித் தெரிந்த ஒரு பெண்மணியும் தொழுகை, குளிப்பு, நோன்பு இவற்றின் சட்டங்களைச் சொல்லிக் கொடுக்க ஜமாஅத் ஏற்பாடு செய்யலாம்.

ஸஹாபிச் சிறுவரின் முன்மாதிரி

மார்க்கத்தைப் படித்தால் பள்ளிப் படிப்பு கெட்டுப் போகும் என்று எண்ணுவோர் ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களின் வரலாற்றை அறிந்து கொள்வது நல்லது. நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்தபோது அவர்களுக்கு வயது பதினொன்று. அதற்குள் பல சூராக்களை மனனம் செய்திருந்தார்கள். அதைக் கேட்டு மகிழ்ந்த நாயகம் (ஸல்) அவர்கள், யூதர்களின் எழுத்தைக் கற்றுக் கொள்ளும்படி அவர்களைப் பணித்தார்கள். கடிதப் போக்குவரத்துக்கு நம்பிக்கையான ஒருவர் தேவைப்பட்டார். அவர்களும் அரை மாதத்திற்குள் அதைக் கற்றுத் தேர்ந்ததாகத் திர்மிதீயில் வருகிறது.

பின்னர் ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களின் ஆட்சியில், யமாமா யுத்தத்திற்குப் பிறகு, குர்ஆனை ஒன்று திரட்டும் மாபெரும் பணி இவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. அப்போதும் அவர்கள் வாலிபரே. வாரிசுரிமைக் கணக்கிலும் அவர்கள் தலைசிறந்து விளங்கினார்கள். ஓதலும், பிற மொழியும், கணக்கும் ஒரே நெஞ்சில் இடம் பெற்றன. ஒன்று மற்றொன்றைத் தள்ளி விடவில்லை.

தொழுகையே நேர அட்டவணை

புதிய பள்ளியில் பிள்ளைகள் பின்தங்குவதற்கு ஒரு முக்கியக் காரணம் நேரத்தை வகுத்துக் கொள்ளத் தெரியாமை. இரவு நெடுநேரம் விழித்திருந்து, காலையில் பஸ் வரும் நேரத்தில் எழுகிறார்கள். சுபுஹும் போயிற்று, படிப்பும் போயிற்று. குறிக்கப்பட்ட நேரங்களில் தொழுகையைக் கடமையாக்கிய அல்லாஹ், முஃமினுக்கு ஒரு நேர அட்டவணையையும் சேர்த்தே தந்துள்ளான். காலை வேளையில் தம் உம்மத்துக்கு பரக்கத் அருளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்துள்ளார்கள். இஷாத் தொழுது சீக்கிரம் படுத்து, சுபுஹுக்குப் பின் ஒரு மணி நேரம் படித்தால் மாதத்தில் முப்பது மணி நேரம் கிடைக்கிறது. கடினமான பாடங்களை அந்த நேரத்துக்கு வைத்துக் கொள்ளச் சொல்லுங்கள். கைப்பேசி இரவில் உம்மாவிடம் இருக்கட்டும்.

லுஹரை மதிய இடைவேளையில் தொழுது விடலாம். சிரமம் அஸரில்தான். மாலைச் சிறப்பு வகுப்புகள் ஐந்தரை மணி வரை நடந்தால், நவம்பர் மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்து விடுகிறது. பஸ்ஸில் வரும்போதே அஸர் களாவாகி விடும். இதற்குப் பிள்ளையைக் கடிந்து பயனில்லை. வாப்பா நேரில் சென்று தலைமை ஆசிரியரைக் கண்டு, பத்து நிமிட அனுமதியையும் ஜும்ஆவுக்கான அனுமதியையும் பணிவுடன் கேட்க வேண்டும். பிள்ளை கேட்கக் கூச்சப்படும். தகப்பனார் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

2024, 2025 ஆகிய ஆண்டுகளில் மார்ச் மாதப் பொதுத் தேர்வும் ரமலானும் ஒன்று சேர்ந்து வந்தன. பரீட்சை இருக்கிறது என்பது மட்டும் நோன்பை விடுவதற்குரிய காரணமாகாது. நோயும் பிரயாணமும் போன்றவையே மார்க்கம் அனுமதித்த காரணங்கள். ஸஹரைத் தவற விடாமல், ஸஹருக்கும் சுபுஹுக்கும் இடையில் படிக்கப் பழகிய பிள்ளைக்கு அது பாரமாவதில்லை.

கல்லூரிக்கான ஆயத்தம்

கல்லூரிக்கான ஏற்பாடு பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பின் செய்வதல்ல. சிலவற்றை முன்பே கவனிக்க வேண்டும்.

ஒன்று, பெயர். ஆதாரில் ஒரு விதம், பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், பள்ளிப் பதிவேட்டில் ஒரு விதம் என ‘முஹம்மது’ என்ற பெயர் நம் சமுதாயத்தில் பலவாறு எழுதப்படுகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன்பே இதைச் சரி செய்து விடுங்கள்.

இரண்டு, சாதிச் சான்றிதழ். 2007ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்திற்குள் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், ஷேக், சையது, மாப்பிள்ளை, தக்னி முஸ்லிம் முதலியோர் இதில் அடங்குவர். சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் உரிமை இருந்தும் பயனில்லை.

மூன்று, பிரிவைத் தேர்ந்தெடுத்தல். பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். மருத்துவத்துக்கு உயிரியலும், 2017 முதல் நீட் தேர்வும் வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான் என்பதற்காக எடுப்பது முறையன்று. அறிந்தவர்களிடம் மஷூரா செய்யுங்கள். பிறகு பிள்ளையே இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா துஆ ஓதட்டும். இஸ்திகாரா என்பது கனவுக்காகக் காத்திருப்பதல்ல. நன்மையானதை எளிதாக்கித் தரும்படி அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைப்பதாகும்.

நான்கு, விடுதி வாழ்க்கை. தன் துணியைத் தானே துவைக்கவும், யாரும் எழுப்பாமல் சுபுஹுக்கு எழவும், கையில் கொடுத்த பணத்துக்குக் கணக்கு வைக்கவும் வீட்டிலேயே பழகாத பிள்ளை விடுதியில் திணறும். 1919இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951இல் தோன்றிய திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி, சென்னைப் புதுக் கல்லூரி ஆகியவற்றை நம் முன்னோர் தம் பொருளைச் செலவிட்டு உண்டாக்கினார்கள். அங்கேயும் பிள்ளையை எழுப்பி விட உம்மா வரப் போவதில்லை.

பெண் மக்களைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தி விடுவோர் உண்டு. ஸஹாபாக்களே மஸ்அலா கேட்டு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வாசலுக்கு வந்தார்கள் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். பாதுகாப்பான ஏற்பாட்டைச் செய்து கொடுப்பது பெற்றோரின் கடமை. கல்வியை நிறுத்துவது அந்தக் கடமைக்கு மாற்றாகாது.

இறுதியாக ஒன்று. மதிப்பெண் குறைந்து வந்த பிள்ளையை வீட்டில் எல்லோரும் திட்டுகிறோம். தொழாமல் வந்த பிள்ளையை எவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எது பெரிய நஷ்டம் என்பதை அந்தப் பிள்ளை நம் முகத்தைப் பார்த்தே கற்றுக் கொள்கிறது. இன்றிரவு பிள்ளையை அருகில் அமர்த்தி, “இன்று என்ன பாடம் நடந்தது?” என்று கேளுங்கள். அப்படியே “அஸர் எங்கே தொழுதாய்?” என்றும் அன்போடு கேளுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும், கடமைகளைப் பேணும் தௌஃபீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.