பிந்தித் தொடங்கிய மாணாக்கரும் பூல் ஆசானும்

கலை எதுவாயினும் அதனை இளமையிற் கற்றவரே அதிற் சிறந்து விளங்குவர் என்னும் கொள்கை நம்மிற் பலர்க்கு உண்டு. அது முற்றும் பொய்யன்று. ஆயினும், கல்லூரி வாயிலை மிதித்த பின்னரே ஒரு கலையின்மேல் முதன்முறையாக வேட்கை கொள்ளும் மாணவரும் உளர். ‘இனித் தொடங்கி என்ன பயன்?’ என்று அவர் தம் கதவைத் தாமே சாத்திக்கொள்வதை ஆண்டுதோறும் காண்கின்றோம். அவர்பொருட்டு ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு, பிந்தித் தொடங்கிய ஒருவர் எவ்வாறு முன்னணியை எய்தினார், அதில் ஆசானுக்குள்ள பங்கு எத்துணை என்று ஆராயப் புகுகின்றோம். யாம் எடுத்துக்கொண்டது பூல் என்னும் மேசை ஆட்டம். விளையாட்டுத்தானே என்று அன்பர்கள் இகழற்க. கணக்கும் கைத்திறனும் ஒருங்கே வேண்டப்படும் ஆட்டங்கள் உலகிற் பல இல்லை.

விடுதியிற் கேரம் ஆடிப் பழகியவர்க்குப் பூலின் இயல்பு எளிதில் விளங்கும். அமெரிக்கப் போட்டிகளில் வழங்கும் மேசையின் ஆடுபரப்பு 100 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் உடையது. மேலே கம்பளித் துணி விரித்து, ஓரங்களில் ரப்பர்க் குஷன் பதித்திருப்பர். நான்கு மூலையிலும் இரு நெடும் பக்கங்களின் நடுவிலுமாக ஆறு பைகள். பந்தின் குறுக்களவு இரண்டேகால் அங்குலம். ஆடுபவர் கியூ என்னும் கோலால் வெள்ளைப் பந்தை மட்டுமே அடித்தல் வேண்டும். அது சென்று மோதி நிறப் பந்தைப் பையில் வீழ்த்தல் வேண்டும். இதற்கு உடன்பிறப்பாகிய ஸ்நூக்கர் 1875-ஆம் ஆண்டு ஜபல்பூரில் ஆங்கிலப் படையினரிடையே தோன்றி, பின்னர் நம் நீலகிரியின் உதகமண்டலத்துக் கிளப்பில் விதிகள் வரையப் பெற்றது என்பதை ஈண்டு இடைப்பிறவரலாகக் குறிக்கின்றோம். நம் மலையில் விதிபெற்ற ஆட்டத்தை நம்மவருட் பலர் அறியாமை வியப்பே.

இனி, அருமை எங்கே உள்ளது என்று காண்போம். வெள்ளைப் பந்துக்கும் நிறப் பந்துக்கும் இடையே 50 அங்குலம், நிறப் பந்துக்கும் மூலைப் பைக்கும் இடையே 50 அங்குலம், மூன்றும் ஒரே நேர்கோடு என்று வைத்துக்கொள்க. பையின் வாய் ஏறத்தாழ நாலரை அங்குலம், பந்து இரண்டேகால். எனவே நிறப் பந்து தன் வழியினின்று ஏறக்குறைய ஒன்றேகாற் பாகை விலகினாலும் வீழ்ந்துவிடும். இது தாராளமாகவே தோன்றும். ஆனால் வெள்ளைப் பந்து செல்லும் திசையிற் சிறிது பிழை நேர்ந்தால், அப்பிழை மோதலின்போது இருபது மடங்குக்குமேற் பெருகி நிறப் பந்தினிடம் வெளிப்படும். அங்ஙனமாயின், வெள்ளைப் பந்துக்கு நாம் விடக்கூடிய பிழை ஒரு பாகையிற் பதினாறில் ஒரு பங்கே. கோலைத் தாங்கும் இடக்கைக்கும் கோல் நுனிக்கும் இடைப்பட்ட பத்து அங்குலத்தில் அது ஓர் அங்குலத்தின் நூற்றில் ஒரு கூறாகும். மயிரிழை பிசகாமல் என்று நாம் பேச்சுவாக்கிற் சொல்வது இவ்விடத்து ஏறக்குறைய உண்மையளவே.

இத்துணை நுண்மை குழந்தைக்கு எங்ஙனம் கைவருகின்றது? எட்டு வயதிற் கோலைத் தொட்ட சிறுவன் பத்தாண்டுக் காலம் ஓயாது ஆடுகின்றான். எண்ணிலாத் தவறுகள் தாமாகவே உதிர்கின்றன. கை நேர்மை பெறுகின்றது. ஏன் நேர்மை பெற்றது என்று அவனை வினவினால் விடை வராது. தாய்மொழியைப் பேசுவோன் இலக்கணம் அறியாமற் பேசுவதை ஒத்தது அது. பிந்தி வந்தவர்க்கோ அந்தப் பத்தாண்டு இல்லை. ஆகவே அவர் அயல்மொழி கற்பாரைப்போல் இலக்கணத்தின் வழியே புகுதல் வேண்டும். அவ்விலக்கணத்தைச் சொல்லித் தருபவனே ஆசான். அவன் தருவது ஊக்கமன்று; ஊக்கம் பிந்தி வந்தவரிடம் வேண்டிய மட்டும் இருக்கும். அவன் தருவது காலம்.

ஜீனெட் லீ என்னும் அம்மையார் 1971-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிற் பிறந்தவர், கொரிய வழியினர். இளமையிலேயே முதுகெலும்பு வளையும் நோய் அவரைப் பற்றியது. 13-ஆம் வயதில் அறுவை மருத்துவம் செய்து முதுகில் உலோகக் கோல்களைப் பொருத்தினர். மேசைமீது மணிக்கணக்காகக் குனிந்து ஆடும் ஆட்டத்துக்கு இவ்வுடம்பினும் பொருந்தாத உடம்பை எண்ணிப் பார்த்தல் அரிது. 1989-ல், தம் 18-ஆம் வயதில், மன்ஹாட்டனில் இருந்த செல்சி பில்லியர்ட்ஸ் என்னும் ஆட்டக் கூடத்தில் நுழைந்தார். அங்கே ஆட்டத்தைக் கண்டமையே அவர் வாழ்க்கையின் திருப்பம். அன்று தொட்டு வெறிகொண்டார் என்றே சொல்லவேண்டும். விரல்கள் கோல் தாங்கும் வடிவிலேயே படியவேண்டுமென்று இடக்கையை ஒட்டுநாடாவாற் கட்டிக்கொண்டு உறங்கியதுண்டு. இரவும் பகலும் இடைவிடாது ஆடி, முதுகு தாங்காமற் பிறர் தூக்கிச் செல்லும் நிலைக்கும் ஒருமுறை வந்தார் என்பர்.

இத்தகைய மாணாக்கர்க்கு ஆசானாக வாய்த்தவர் ஜீன் நேகி என்னும் நியூயார்க்கு ஆட்டக்காரர். ஸ்ட்ரெயிட் பூல் என்னும் பழைய ஆட்டவகையிற் பெயர் பெற்றவர் அவர். 1993-ல் லீ அம்மையார் தொழில்முறை ஆட்டக்காரராயினார். இரண்டாண்டு நிறையுமுன் பெண்டிர் வரிசையில் முதலிடத்தை எய்தினார். கோலை முதன்முதற் கையில் எடுத்த நாளிலிருந்து எண்ணினாலும் ஆறாண்டுக்கு மேல் ஆகவில்லை. பிறர்க்குப் பதினைந்து, இருபது ஆண்டு பிடித்த வழி அது.

நல்லாசான் ஒருவன் இவ்வழியை எவ்வாறு குறுக்குகின்றான்? முதலாவது, கற்கவேண்டியவற்றைக் குறைக்கின்றான். புதிதாக வந்தவர் பந்தைச் சுழற்றவும், பின்னே இழுக்கவும், குஷனில் மும்முறை மோதவிட்டு வீழ்த்தவும் விரும்புவர். காண்போர் கைதட்டுவது அவற்றுக்கே. ஆசான் இவையனைத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, கோல் நேராகச் செல்கின்றதா என்று மட்டும் பார்ப்பான். வெற்றுப் போத்தல் ஒன்றை மேசைமேற் படுக்க வைத்து, அதன் வாயில் விளிம்பு தொடாமற் கோலை உட்செலுத்தி வாங்கச் சொல்வது நெடுநாளாக வழங்கும் பயிற்சி. வெள்ளைப் பந்து ஒன்றையே வைத்து, மேசையின் நடுக்கோட்டில் நேரே அடித்து, எதிர்க் குஷனில் மோதித் திரும்பும் பந்து மீண்டும் கோலின் நுனியையே வந்து தொடும்படி செய்தல் மற்றொன்று. பந்து வலப்புறம் வந்தாலும் இடப்புறம் வந்தாலும் குற்றம் கையினதே. மேசை பொய் சொல்லாது. பைகளும் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. இதனை நாள்தோறும் அரைமணி செய்வது சலிப்பூட்டும். சலிப்பைக் கடத்துவிப்பதும் ஆசான் தொழிலே.

கை ஒருவாறு நேர்மை பெற்றபின் கணக்கு வரும். வெள்ளைப் பந்தை வீழ்த்தாமல் வைத்திருப்பது மட்டும் போதாது. அடுத்த அடிக்கு உகந்த இடத்தில் அது சென்று நிற்றல் வேண்டும். அவ்விடத்தை இளமையில் தொடங்கியவன் கண்ணால் அறிகின்றான். பிந்தி வந்தவர்க்கு ஆசான் இரண்டு விதிகளை உரைப்பான். சுழற்சியின்றி வழுக்கிச் சென்று மோதும் வெள்ளைப் பந்து, நிறப் பந்து சென்ற திசைக்கு ஏறக்குறையச் செங்கோணத்திற் பிரிந்து செல்லும். நேருக்கு நேர் மோதினால் அங்கேயே நின்றுவிடும். இயல்பாக உருண்டு சென்று மோதும் பந்தோ, நிறப் பந்தின் நடுப்பகுதியில் எங்கே பட்டாலும் தன் பழைய வழியினின்று ஏறத்தாழ 30 பாகையே விலகும். விளிம்பை ஒட்டிப் பட்டாலும் முழுமுகத்திற் பட்டாலுமே இது மாறும். இவ்விரண்டையும் அறிந்தவர் மேசையைப் பார்க்கும் பார்வையே வேறு. பத்தாண்டிற் கண் தானாகக் கண்டுகொள்வதன் பெரும்பகுதி இங்கே ஒரு மாலைப்பொழுதின் பாடமாக அடங்குகின்றது. கையிற் படிவதற்கு மாதங்கள் செல்லும் என்பது உண்மை. ஆயினும் எதனைப் படியவைக்கின்றோம் என்ற தெளிவு முதல் நாளே உண்டாகிவிடும்.

நேகியின் ஆட்டமாகிய ஸ்ட்ரெயிட் பூலைக் குறித்து ஒரு சொல். இக்காலத்துப் போட்டிகளிற் பெரும்பாலன ஒன்பது பந்தாட்டமே. அதிற் சிற்றெண்ணுடைய பந்தை முதலிற் படவேண்டும் என்று விதியே வரிசையைக் கட்டளையிடுகின்றது. ஸ்ட்ரெயிட் பூலிலோ பதினைந்து பந்துகளுள் எதனையும் எப்பையிலும் வீழ்த்தலாம். இன்ன பந்து இன்ன பையில் என்று முன்னரே சொல்லவேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பதினான்கு வீழ்ந்தபின் எஞ்சிய ஒன்றை விட்டுவிட்டு, மற்றவற்றை மறுபடியும் முக்கோணமாக அடுக்கி ஆட்டத்தைத் தொடர்வர். அந்த எஞ்சிய பந்தை வீழ்த்தும் அடியிலேயே வெள்ளைப் பந்து சென்று அடுக்கை உடைத்தல் வேண்டும். எனவே எப்பந்தைக் கடைசியாக விடுவது, அதற்கு முன்னையது எது என்று தொடக்கத்திலேயே பின்னோக்கி எண்ணவேண்டும். வில்லி மாஸ்கோனி என்பார் 1954-ல் ஒஹையோ மாநிலத்து ஸ்பிரிங்பீல்டில் ஒரே முறையில் 526 பந்துகளை இடையறாது வீழ்த்தியது இவ்வாட்டத்திலேதான். நூறு பந்துகளில் ஒன்றேனும் அரிய அடியாகத் தோன்றாமை இதன் அழகு. பிந்தி வந்தவர்க்கு இதனிற் சிறந்த பள்ளி இல்லை என்பது எம் கருத்து. அரிய அடிகளைச் செய்யும் ஆற்றலைப் பெறுவதற்குப் பதிலாக, அரிய அடிகள் நேராதபடி ஆட்டத்தை நடத்தும் முறையை இது கற்பிக்கின்றது. முன்னையதற்குக் காலம் மிக வேண்டும். பின்னையதற்குச் சிந்தனை வேண்டும். பதினெட்டு வயதினர்க்குச் சிந்தனை எட்டு வயதினனைவிட மிகுதியன்றோ?

இனி, ஆசான் பணியில் எவரும் புகழாத ஒரு பகுதி உண்டு. அதுவே எமக்கு மிகவும் பெரிதாகத் தோன்றுகின்றது. பிந்தித் தொடங்கியவரை உள்ளிருந்து ஒரு விரைவு துரத்துகின்றது. இழந்த ஆண்டுகளை இந்த மாதத்திலேயே ஈட்டிவிட எண்ணுவர். லீ அம்மையார் உலோகம் தாங்கிய முதுகோடு இரவெல்லாம் ஆடியது வியக்கத்தக்கதே. ஆயினும், அதனைப் படித்து வியக்கும் மாணவர் அதனைப் பின்பற்றுவாராயின் யாம் வருந்துவோம். களைத்த கை தவறாக அடிக்கின்றது. தவறாக அடித்த அடியும் கையிற் படிகின்றது. நாலு மணி நேரத்தில் நேராகப் பழகியதை ஐந்தாம் மணி கோணலாக்கிவிடும். அவ்வேளையில் ‘கோலை வைத்துவிட்டு வீட்டுக்குச் செல்க’ என்று சொல்லும் துணிவு ஆசானுக்கு வேண்டும். கேட்பவர் சினந்துகொள்வர். மாணாக்கரைப் பசுவுக்கு ஒப்பிட்ட நன்னூலாசிரியர், மேய்வதோடு நில்லாமல் அமர்ந்து அசைபோடுதலையும் கண்டே அவ்வுவமையைக் கைக்கொண்டார். மேய்ச்சலை நிறுத்தி நிழலுக்கு ஓட்டிச் செல்பவன் மேய்ப்பன்.

கற்ற வித்தையைக் காலம் கடந்து மீளப்பெற்றவர்க்கும் இம்முறை பயன்பட்டதுண்டு. வேல்ஸ் நாட்டு டக் மவுன்ட்ஜாய் முன்னாளில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர்; ஸ்நூக்கரில் 1976-ல் தொழில்முறையிற் புகுந்து வென்றவர்; பின்னர் ஆட்டம் கைவிட்டுப்போய்த் தளர்ந்திருந்தார். ஃபிராங்க் காலன் என்னும் பயிற்சியாசிரியர், இங்கிலாந்தின் கடற்கரை ஊராகிய ஃபிளீட்வுட்டில் மீன் விற்று வாழ்ந்தவர், அவருடைய அடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து மீண்டும் கட்டினார். 1988-ல், 46-ஆம் வயதில், யுனைடெட் கிங்டம் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் 19 வயதினரான ஸ்டீபன் ஹெண்ட்ரியை 16-க்கு 12 என்று மவுன்ட்ஜாய் வென்றார். அவ்வாட்டத்தில் அடுத்தடுத்து மூன்று முறை நூற்றைக் கடந்தார். பின்னர் மற்றொரு பெரும் பட்டத்தையும் பெற்றார். முன்பு காரணம் அறியாமல் ஆடிய ஆட்டத்தை அவர் இப்போது காரணம் அறிந்து ஆடினார் என்பதே வேறுபாடு.

இவ்வளவும் கூறியபின், ஆசானால் இயலாததையும் மறைத்தல் நேர்மையன்று. லீ அம்மையார் முதலிடத்தில் இருந்த 1995-ஆம் ஆண்டிலேயே ஆலிசன் ஃபிஷர் என்னும் ஆங்கிலப் பெண்மணி அமெரிக்கா சேர்ந்தார். அவர்க்கும் பூல் புதிது; வயதும் 27. ஆனால் அவர் சிறு பிள்ளையாயிருந்தபோதே ஸ்நூக்கர்க் கோலைப் பிடித்தவர். 1985-ல் 17-ஆம் வயதிலேயே ஸ்நூக்கரிற் பெண்டிர் உலகப் பட்டம் வென்றவர். பூல் மேசையைவிடப் பெரிய மேசையிலும், குறுகிய பைகளிலும் பழகிய அவர் கை, புதிய ஆட்டத்தின் விதிகளை மட்டுமே கற்கவேண்டியிருந்தது. விரைவிலேயே முதலிடம் அவருக்குச் சென்றது. 1996, 1997, 1998 என மூன்றாண்டும் தொடர்ந்து ஒன்பது பந்தாட்டத்தின் உலகப் பட்டம் அவருடையதாயிற்று. குழந்தைப் பருவத்துப் பத்தாண்டின் பெரும்பகுதியை ஆசான் ஈடுசெய்தான். ஈடுசெய்யாது எஞ்சிய சிறு பகுதி, ஒப்பற்ற எதிரி ஒருவர் வந்தபோது வெளிப்பட்டது.

முதலிடம் போனபின்னும் லீ அம்மையார் மேசையை விட்டு நீங்கவில்லை. முதுகின் நோயோ ஆண்டுக்காண்டு மிகுந்தது, அறுவைகளும் பலவாயின. 2001-ல் ஜப்பானின் அகிதா நகரில் நடந்த உலக விளையாட்டுகளில் பெண்டிர் ஒன்பது பந்தாட்டத்திற் பொற்பதக்கம் அவர் பெற்றபோது வயது முப்பது. கோலை முதன்முதல் எடுத்துப் பன்னிரண்டு ஆண்டு.